தபாலதிபர் மனைவிக்கு ஒரு நிமிட மௌனம்

வானொலியில் என் மனைவிக்குப் பெயர் இருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், கால் மணி நேரம், அவள் தபாலதிபரின் மனைவியாக இருந்தாள். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியராக இருந்த காலம் அது. அந்த நிகழ்ச்சி போகும் நேரத்தில் எங்கள் அச்சுக்கூடத்திலேயே எழுத்துக் கோப்பவர்களின் கை மெதுவாகும். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். ஊரில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தது என்பதை இன்னும் மறக்காதவர். அவர் வாயை அடக்குவதையே வேலையாகக் கொண்ட மனைவி. கதை அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் அவளுடைய ஒரு சொல்லோடு தொடங்கும்: "இஞ்சாருங்கோ…" எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனைக் கூப்பிடும் அந்தச் சொல்லை அவள் மூன்று படியாக இறக்குவாள். முதற் படியில் அன்பு இருக்கும், இரண்டாவதில் சந்தேகம், மூன்றாவதில் அகப்பை. சிரிப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

பெயர் இல்லாததற்குக் காரணம் அவளுடைய தகப்பனார். மகளின் குரல் வெளியே போகலாம், பெயர் போகக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அன்று வானொலியில் நடித்த பல குடும்பத்துப் பெண்களுக்கு இதே ஏற்பாடுதான். அறிவிப்பாளர் கடைசியில் தபாலதிபராக நடித்தவரின் பெயரை முழுதாகச் சொல்லிவிட்டு, "அவருடைய மனைவியாக, அவருடைய மனைவி" என்று முடிப்பார். அதற்கும் சனம் சிரித்தது. முகம் தெரியாது, பெயர் தெரியாது. ஆனால் பஸ்ஸில் யாராவது ஒரு பெண் கணவனை உரத்துக் கூப்பிட்டால், "தபாலதிபர் பெண்சாதி ஏறியிட்டா" என்று பின் இருக்கையில் ஒருவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

தபாலதிபராக நடித்தவர்தான் நாடகத்தை எழுதினார். ஒலிவாங்கிக்கு முன்னால் புருசனும் பெண்சாதியும். ஒலிவாங்கியை விட்டு நகர்ந்தால் அண்ணை, தங்கச்சி. எங்கள் திருமணப் பேச்சை என் வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து என் மேசை விளிம்பில் இருந்து தேநீர் குடிப்பார். "தம்பி, என்ர மனுசியை உனக்குக் கட்டித் தரப்போறன். வானொலி மனுசியைத்தான் சொல்லுறன், வீட்டு மனுசியை நீ தாங்கமாட்டாய்" என்று சொல்லிப் பக்கத்து மேசைக்காரரையும் சிரிக்க வைத்தார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

நாடு கெட்டபோது அவர் ஜெர்மனிக்குப் போனார். நிகழ்ச்சி நின்றது. ஒலிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது நிலையத்தின் வழக்கம். ஆகவே தபாலதிபர் வீட்டின் ஒரு வாரம்கூட எங்கும் மிஞ்சவில்லை. நாங்கள் லண்டனுக்கு வந்து நோர்பரியில் குடியேறினோம். மகள் பிறந்தபோது என் மனைவி ஜெர்மனிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். அவர் நெடுநேரம் கதைத்தார், பிள்ளைக்குப் பெயர்கூடச் சொன்னார். பிறகு இலக்கங்கள் மாறின, தொடர்பு விட்டுப்போயிற்று. என் மனைவி கவுன்சில் நூலகம் ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றாள். பழைய கதையை அவள் யாரிடமும் சொல்லித் திரிந்ததில்லை. மகளுக்குத் தெரியும். ஆனால் அம்மா ஒரு காலத்தில் மெலிந்திருந்தாள் என்பதைப் போல, அதுவும் அவளுக்கு ஒரு தகவல்தான்.

சென்ற ஆண்டு நோர்பரியில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடையின் கண்ணாடியில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். வானொலிப் பொற்காலத்தின் தபாலதிபர் நேரில் தோன்றுகிறார், கிங்ஸ்பரியில், பாடசாலை மண்டபம் ஒன்றில். கடைக்காரர் சொன்னார்: "ஆள் இப்ப இஞ்சதான் அக்கா. மகனோட ஜெர்மனியில இருந்து வந்திட்டார். கனடா, பாரிஸ், சுவிஸ் எல்லாம் செய்து முடிச்சுத்தான் லண்டனுக்கு வாறார்."

"ரெண்டு டிக்கெட் தாங்கோ" என்றாள் என் மனைவி. வெளியே வந்ததும், "அவருக்குச் சொல்லாதேங்கோ. முன்னால போய் நிண்டு ஆளைப் பயப்படுத்துவம்" என்றாள். பை இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. விளக்கேற்றல், அனுசரணையாளர்களுக்குப் பொன்னாடை, ஒலிபெருக்கியின் கீச்சல் எல்லாம் முடிந்து அவர் மேடைக்கு வந்தார். நரைத்துவிட்டாரே தவிர நேராக நின்றார். தாளில்லாமல் நடித்தார். தபாலதிபரின் வசனத்தை ஒலிவாங்கிக்கு வலப்பக்கம் நின்று சொன்னார். பிறகு இடப்பக்கம் ஓர் அடி வைத்து, தோளில் கிடந்த சால்வையைத் தலையில் போட்டு, மெல்லிய குரலில், "இஞ்சாருங்கோ…" என்றார். மண்டபம் வெடித்தது. என் மனைவியும் சிரித்தாள். என் காதருகே குனிந்து, "மூண்டாவது படி பிழை" என்றாள்.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். தன்னோடு நடித்த தங்கச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தக் குரல் இல்லாவிட்டால் இந்தத் தபாலதிபர் இல்லை என்றார். என் மனைவி கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள். எழுந்து போக ஆயத்தமாகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தத் தங்கச்சி இண்டைக்கு எங்களோட இல்லை" என்றார் அவர். "இடம்பெயர்ந்து போன வழியில, வன்னியில, ஒரு மரத்துக்குக் கீழ அவவின்ர உயிர் போனது. எனக்குச் செய்தி வந்த நேரம் நான் தூர தேசத்தில. ஒரு பிடி மண் போடேல்லை. அவவுக்காக எல்லாரும் ஒரு நிமிசம் எழும்பி நிண்டு…"

பத்திரிகையில் பல ஆண்டுகள் மற்றவர்கள் அனுப்பிய செய்திகளைத் திருத்தியவன் நான். அவர் இடம் சொன்னார், மரம் சொன்னார், நாள் சொல்லவில்லை. இட்டுக்கட்டிப் பழகிய கைகள் அப்படித்தான் எழுதும். அது முதன்முறையாகச் சொல்லப்படும் பொய் அல்ல என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

கதிரைகள் பின்னே தள்ளப்படும் சத்தம் வரிசை வரிசையாக வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். என் மனைவியும் எழுந்தாள். எழும்பாமல் இருந்திருந்தால் மரியாதை தெரியாதவள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி, தனக்கான அந்த ஒரு நிமிடத்தையும் நின்று முடித்தாள். அவளுக்கு அடுத்து நின்ற பெண் மூக்கைத் துடைத்துவிட்டு ஒரு டிஷ்யூவை அவளிடம் நீட்டினாள். அவள் நன்றி சொல்லி வாங்கினாள்.

பிறகு மண்டபத்தின் பின்பக்கம் வடையும் தேநீரும் கொடுத்த இடத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம். படமெடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். எங்கள் முறை வந்தபோது அவர் படத்துக்குத் தயாராகப் புன்னகைத்தார். அவருக்கு எங்கள் முகம் பிடிபடவில்லை.

"அண்ணை" என்றாள் என் மனைவி.

குரல் பிடிபட்டது. கையிலிருந்த தேநீர்க் குவளையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். என்னிடம் தந்தார். பிறகு எங்கள் இருவரையும் மாணவர்களின் அலுமாரிகள் நிற்கும் நடையொன்றுக்குள் கூட்டிப்போனார்.

"தங்கச்சி, நீ லண்டனிலயோ?"

"கனகாலமா. நீங்கள் நினைச்சீங்களோ நான் செத்திட்டன் எண்டு?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்ததையும் பார்த்தேன். என் மனைவி முந்திவிட்டாள். "நான் இஞ்சயிருந்து உங்களுக்குப் போன் எடுத்தனான். பிள்ளைக்குப் பேரும் சொன்னனீங்கள்."

அவர் சுவரில் சாய்ந்தார். "இல்லைத் தங்கச்சி. தெரியும்" என்றார். "போற இடமெல்லாம் ஒரே கேள்விதான். அவ எங்க, அவவை ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை. சனத்துக்கு நான் பாதிதானே. ஒரு நாள் பாரிசில, களைச்சுப்போய், அவ இல்லையெண்டு சொல்லிப்போட்டன். நான் சொன்னது வரேல்லை எண்ட கருத்தில. சனம் எழும்பி நிண்டிட்டுது. எழும்பி நிண்ட சனத்தைப் பாத்து, இருங்கோ, அவ சாகேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீ சொல்லு."

"மரம்?"

"அது… பிறகு வந்தது."

"வன்னிக்கு நான் ஒருநாளும் போனதில்லை, அண்ணை. போய்ச் செத்த சனம் இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கையில் அவருடைய தேநீர் இருந்தது. என் மேசை விளிம்பில் இருந்து குடித்தவரின் தேநீர்தானே என்று என்னவோ அதைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அடுத்த ஞாயிறு ரேடியோவில பேட்டி எண்டு மேடையில சொன்னாங்கள். அதில சொல்லிவிடுங்கோ, நான் இருக்கிறன் எண்டு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் முகம் உடனே மாறியது. கதை எழுதுகிறவரின் முகம் வந்தது. "அதைவிட நல்லாச் செய்வம். நேயர்கள் போன் எடுக்கிற நேரத்தில நீ எடு. வேற ஒண்டும் கதையாதை. 'இஞ்சாருங்கோ' எண்டு ஒருக்கா கூப்பிடு. நான் அப்பிடியே நிண்டுபோவன். பிறகு சனத்துக்குச் சொல்லுவன், எனக்குப் பிழையான செய்தி தந்தவங்கள், என்ர தங்கச்சி உயிரோட இருக்கிறா எண்டு. லண்டன் முழுக்க அழும், பார்." அவளுடைய தலையில் கை வைத்தார். "சத்தியமாத் தங்கச்சி."

திரும்பி வரும் ரயிலில் நான் சொன்னேன், அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியையே எழுதித் தந்திருக்கிறார் என்று. "இருக்கட்டும். நான் உயிரோட வந்தாப் போதும்" என்றாள்.

அந்தக் கிழமை முழுவதும் குரலுக்காக அவள் தயிர் தொடவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். நான் தோட்டத்தில் நின்றால் மாடியிலிருந்து அந்தச் சொல் கேட்கும். நிற்கும், மறுபடி கேட்கும். என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது வேலைக்குரிய சொல் என்பாள். குரல் சற்றுத் தடித்திருந்தது, ஆனால் மூன்று படியும் இருந்த இடத்தில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். லண்டன் தமிழ் வானொலிகள் இப்போது இணையத்தில்தான் பெரும்பாலும் இயங்குகின்றன. நான் முன்னறையில் டேப்லெட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்படியில் தொலைபேசியோடு நின்றாள். சாத்துமுன் காப்புகளைக் கழற்றி என்னிடம் தந்தாள். ஒலிவாங்கிக்கு முன்னால் காப்பு சத்தம் போடும், அந்தக் காலத்தில் முதலில் கழற்றுவது அதைத்தான்.

இணைய ஒலிபரப்பு தாமதமாக வரும் என்பது எனக்குத் தெரியும். அன்று அது என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்கவில்லை. அவள் பேசுவதைக் கதவு வழியாக நான் முதலில் கேட்டேன். வானொலியில் அப்போது இன்னும் ஒரு நகைக்கடை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

"வணக்கம். நோர்பரியில இருந்து." பிறகு அந்தச் சொல். சுத்தமாக, மூன்று படியும். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அதன்பின் குசினியில் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "இல்லை அண்ணை" என்றாள். மறுபடி மௌனம். "நான்தான்." பிறகு தன் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரோடு, முழுப்பெயரும். அந்தப் பெயர் வானொலியில் போனது அதுதான் முதல் தடவை. "ஓம்… ஓம்… சரி, நன்றி." தொலைபேசியை வைக்கும் சத்தம்.

கதவு திறக்கவில்லை. விளம்பரம் முடிந்தது. இனி அதையெல்லாம் மறுபக்கத்திலிருந்து கேட்கவேண்டும். அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். கேட்டேன்.

அறிவிப்பாளர் இளம் பெண். "அடுத்த நேயர், வணக்கம், எங்கயிருந்து கதைக்கிறீங்கள்?" என் மனைவியின் குரல் வந்தது, "இஞ்சாருங்கோ…" வந்தது. அவர் மூச்சை இழுத்தது தெளிவாகக் கேட்டது. ஒலிபரப்பில் ஒரு வெற்றிடம். உண்மையைச் சொல்வதற்கு அந்த இடம் போதும்.

"ஐயோ தங்கச்சி" என்றார் அவர். "என்ர நெஞ்சு நிண்டுபோச்சு. அவவே வந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. நல்லாச் செய்யிறீங்கள். எங்கட சனத்திட்ட இப்பிடித் திறமை எல்லாம் ஒளிச்சுக் கிடக்குது பாருங்கோ."

"இல்லை அண்ணை."

"வெக்கப்படாதேங்கோ. கொஞ்சம் பயிற்சி எடுத்தால் மேடையிலேயே செய்யலாம்."

"நான்தான்" என்றாள். பெயர் வந்தது. அது யாருக்கும் எதையும் சொல்லவில்லை. நோர்பரியில் அந்தப் பெயரில் இன்னும் பலர் இருக்கலாம்.

"நல்ல பேர் அம்மா" என்றாள் அறிவிப்பாளர். "அருமையாகக் குரல் மாற்றி அசத்தின அந்த அம்மாவுக்கு நன்றி. தொடர்ந்து எங்கட வானொலியைக் கேப்பீங்கள்தானே? எங்கட அடுத்த நேயர் கிங்ஸ்பரியில இருந்து…"

அடுத்த நேயர் அவரிடம் மரத்தடியைப் பற்றிக் கேட்டார். அவர் சொன்னார். இம்முறை அந்த மரம் பாலை மரமாகியிருந்தது.

குசினிக் கதவைத் திறந்தேன். அவள் தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன். இங்கே வரும் தமிழ்ப் பத்திரிகை ஆசிரியரைத் தெரியும், ஒரு பத்தி போதும், நாள், இடம், தொலைபேசி எடுத்த விவரம் எல்லாம் என்னிடம் இருக்கிறது என்றேன்.

"வேண்டாம். நீங்கள் எழுதினால் உங்கட மனுசியாத்தான் நான் உயிரோட இருப்பன். அவர்தான் சொல்லவேணும். அவரோடதானே மைக்குக்கு முன்னால நிண்டனான்" என்றாள்.

அவருடைய இலக்கத்தை அந்த மண்டபத்திலேயே வாங்கியிருந்தேன். அன்றே எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். மூன்றாம் நாள் மகன் எடுத்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மரியாதையான பிள்ளை. இதை எழுத இப்போது என் மனைவி சம்மதித்ததும், ஒருவர் பெயரும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். அவர் பெயரும்.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் மகளின் மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. மாமியார் நல்ல மனுசி, வாய் ஓயாது. மீன்குழம்பு பரிமாறிக்கொண்டே முதல்நாள் தங்கள் பகுதியில் பார்த்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னார்.

"மச்சாள், நீங்கள் வந்திருக்கவேணும். தபாலதிபர் எண்டு அந்தக் கால ரேடியோவில ஒருத்தர். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோ. ஆனால் கடைசியில அழ வைச்சிட்டார். அவரோட நடிச்ச பொம்பிளை செத்துப்போச்சுதாம். கொஞ்ச நாளைக்கு முன்னம் இஞ்ச ரேடியோவில பேட்டி குடுத்துக்கொண்டு இருக்கேக்க ஒரு மனுசி போன் எடுத்ததாம். எடுத்து, அந்தச் செத்த பொம்பிளை மாதிரியே கூப்பிட்டதாம். இவர் நினைச்சாராம், ஆவிதான் வந்து கூப்பிடுது எண்டு. சொல்லேக்க மனுசன் மேடையில நிண்டு அழுது. மண்டபத்தில ஒரு கண் காயேல்லை."

என் கை தட்டில் நின்றது. அந்தத் தொலைபேசி அழைப்பையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். மேடைக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டி, கடைசிக் காட்சியாக்கிவிட்டார். நான் பத்திரிகையில் வேலை செய்தவன். கிடைத்ததை வீணாக்காத மனிதரை எனக்கு அடையாளம் தெரியும்.

என் மனைவி சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்: "அந்த மனுசியின்ர குரல் எப்பிடி இருந்ததாம்?"

"அச்சொட்டா அப்பிடியே இருந்ததாம் மச்சாள்."

"அது நான்" என்றாள்.

"என்ன?"

"போன் எடுத்தது நான். ரேடியோவில நடிச்சதும் நான்தான். நான் சாகேல்லை, மச்சாள்."

சம்மந்தி சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் மகளின் முகத்தை. மகள் தலையசைத்தாள். கரண்டி குழம்புச் சட்டிக்குள் போயிற்று. அவர் கதிரையை இழுத்து என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தார். நம்பிவிட்டார் என்பது தெரிந்தது. இத்தனை மாதத்தில் முதன்முறையாக வெளியார் ஒருவர் நம்பியிருக்கிறார் என்று எனக்கு ஒரு கணம் ஆறுதலாகவும் இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பின்ன ஏன் மச்சாள் அந்த மனுசன் உங்களைச் செத்ததெண்டு சொல்லுது? ஒருத்தர் சும்மா அப்பிடிச் சொல்லுவாரோ?" என்னை ஒரு தடவை கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, இன்னும் தாழ்த்தினார். "உங்களுக்குள்ள அந்த நேரம் ஏதும்…?"

மகள் "மாமி" என்றாள்.

என் மனைவி கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"ஒண்டுமில்லை மச்சாள்" என்றாள். "நல்லா நடிச்சனாங்கள். அவ்வளவுதான்."

சம்மந்தி தலையை ஆட்டினார். ஆனால் அன்று நாங்கள் புறப்படும்வரை அவர் என் மனைவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.